நேர்காணலுக்குப் போய் வந்த புது ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் 6 முதல் 10 வரை கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சில வருடங்களாக, கோடை விடுமுறையை ஒட்டிப் புது ஆசிரியர்களை எடுக்கும்போது டெமோ வகுப்பைப் பார்க்க என்னையும் உட்கார வைக்கிறார்கள். அதற்கு முன்னால் நானும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஏழு பள்ளிக்கூடம் ஏறி இறங்கியவள்தான். பி.எட். முடித்த தம்பி தங்கைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதையும், நான் சொல்லும் பதிலையும் இங்கே எழுதி வைக்கிறேன். வேலை வாங்குவது எப்படி என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்த அரை மணி நேரத்தில் நம்மைப் பற்றி நமக்கே என்ன தெரிய வருகிறது என்பதுதான் விஷயம்.

எந்த நேர்காணலைச் சொல்கிறீர்கள்? அரசுப் பள்ளிக்கும் இது பொருந்துமா?

அரசுப் பள்ளிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் எழுத்துத் தேர்வு வைக்கிறது, அப்புறம் சான்றிதழ் சரிபார்ப்பு. பட்டதாரி ஆசிரியர், முதுகலை ஆசிரியர் பணிகளுக்கு நேர்காணல் இல்லை. நான் பேசுவது மெட்ரிக், சி.பி.எஸ்.இ. போன்ற தனியார் பள்ளிகளைப் பற்றி. அங்கே பெரும்பாலும் முறை ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் ‘ஆசிரியர்கள் தேவை’ என்று விளம்பரம் வரும். ஒரிஜினல், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோவோடு போவோம். விண்ணப்பப் படிவம், சில இடங்களில் பாடத்தில் சின்னத் தேர்வு, பிறகு டெமோ, கடைசியில் பிரின்சிபால் அல்லது தாளாளர் அறை. நம்மை நமக்குக் காட்டுவது பெரும்பாலும் டெமோதான், அதனால் அதைப் பற்றியே நிறையச் சொல்லப்போகிறேன்.

டெமோவில் நன்றாகத்தான் நடத்தினேன். ஒரு வார்த்தை தப்பில்லை. ஏன் எடுக்கவில்லை?

என் முதல் டெமோவைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு, பின்னங்கள். முந்தின நாள் ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று நான்கு முறை நடத்திப் பார்த்திருந்தேன். வகுப்பில் முப்பது பிள்ளைகள். கடைசி பெஞ்சில் பிரின்சிபாலும் தாளாளரும். கரும்பலகையில் தலைப்பு, தேதி, வரையறை, மூன்று எடுத்துக்காட்டு. கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது.

1/3, 1/4 இரண்டையும் எழுதி, “எது பெருசு?” என்று கேட்டேன். மூன்றாவது வரிசையில், ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து, “மிஸ், நாலுதானே பெருசு? அப்ப 1/4தானே?” என்றாள். “இல்லம்மா, 1/3தான். அப்புறம் சொல்றேன், உக்காரு” என்று சொல்லிவிட்டு அடுத்த எடுத்துக்காட்டுக்குப் போய்விட்டேன். பதினைந்து நிமிடத்துக்குள் மூன்றையும் முடிக்க வேண்டும் என்று மனதில் இருந்தது. அவள் உட்கார்ந்தாள். நோட்டில் எதையோ அடித்தாள். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

முடிந்ததும் அறைக்குக் கூப்பிட்டார்கள். தாளாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அந்த ஜன்னலோரப் பொண்ணு உங்ககிட்ட என்ன கேட்டா?”

எனக்கு ஞாபகமே இல்லை. உண்மையாகவே இல்லை. யாரோ எழுந்ததும் உட்காரச் சொன்னதும் நினைவிருக்கிறது. அவள் கேட்டது காதில் விழவே இல்லை. பஸ்ஸில் வரும் வழியில், முசிறி தாண்டிய பிறகு, அவள் கேட்டது முழுசாக ஞாபகம் வந்தது. பிள்ளைகளுக்கு நடத்துவதாக நினைத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு நடத்தியிருக்கிறேன். என் முகம் அவர்கள் பக்கமே இருந்திருக்கிறது.

ஒரு வார்த்தை தப்பில்லாமல் நடத்தினீர்கள் என்றால் நல்லதுதான். நடுவில் யாராவது குழம்பினார்களா, குழம்பினபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். யாரும் குழம்பியதாக நினைவில்லை என்றால், நீங்கள் பிள்ளைகளைப் பார்க்கவில்லை என்றுதான் நான் சந்தேகப்படுவேன். முப்பது பேரில் ஒருவர்கூடக் குழம்பாத வகுப்பை நான் இதுவரை பார்த்ததில்லை.

(அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். ஒரு கடலை மிட்டாயை மூணு பேர் பிரிச்சுக்கறாங்க, இன்னொண்ணை நாலு பேர் பிரிச்சுக்கறாங்க, உனக்கு எந்தக் கூட்டத்துல சேரணும்? அரை நிமிடம் ஆகியிருக்கும்.)

கேள்வி கேட்டால் வகுப்பு அப்படியே அமைதியாகிவிடுகிறது. பயத்தில் நானே பதிலைச் சொல்லிவிடுகிறேன். இது என் குறையா?

கிட்டத்தட்ட எல்லாருக்கும் இருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடி அளவுதான் காத்திருந்தார்கள். அதையே மூன்று வினாடிக்கு நீட்டினால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, அதிகம் பேர் தானாகவே பேச முன்வருகிறார்கள் என்று கண்டார்.

மூன்று வினாடி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். பின்னால் பிரின்சிபால் உட்கார்ந்திருக்கும்போது நின்று பாருங்கள், மூன்று நிமிடம் போல இருக்கும். அந்த அமைதியை நம்மால் தாங்க முடிகிறதா இல்லையா என்பது அங்கேதான் தெரிகிறது. எனக்குத் தாங்க முடியவில்லை. அமைதி வந்தால் நான் தோற்றுவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம். அந்தப் பிள்ளைகள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் படவே இல்லை. இப்போது கேள்வி கேட்டதும் சாக்பீஸை மேசையில் வைத்துவிடுவேன். கையில் சாக்பீஸ் இருந்தால் தானாகப் பலகைப் பக்கம் திரும்பிவிடுகிறேன்.

பிள்ளைகளே இல்லாமல், நாலு பெரியவர்கள் முன்னால் டெமோ எடுக்கச் சொல்கிறார்கள். அதில் என்ன தெரியும்?

விடுமுறையில் அப்படித்தான் நடக்கும். பி.எட். வகுப்பில் நுண்ணிலைக் கற்பித்தல் செய்திருப்பீர்கள். கூடப் படிக்கிறவர்களே மாணவர்களாக உட்காருவார்கள், ஒரு திறனை மட்டும் ஐந்து, ஆறு நிமிடம் பயிற்சி செய்வோம். 1960-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை அது. அதே மாதிரிதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் வேண்டுமென்றே தப்பான பதில் சொல்வார். உங்களுக்குக் கோபம் வருகிறதா, சிரிப்பு வருகிறதா, அல்லது ‘இந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது’ என்று ஆர்வம் வருகிறதா? எது முதலில் வந்தது என்பதைக் குறித்து வையுங்கள்.

பாடத்தில் சுலபமான கேள்விதான் கேட்டார்கள். எம்.எஸ்சி. படித்தும் பதில் வரவில்லை. அவமானமாக இருந்தது.

உங்கள் பட்டத்தைச் சந்தேகப்பட அவசியமில்லை. இது வேறு மாதிரி. என்னிடம் ஒரு இடத்தில், “மைனஸும் மைனஸும் பெருக்கினா ஏன் பிளஸ்?” என்று கேட்டார்கள். “அது ரூல், மேடம்” என்றேன். “ஏழாங்கிளாஸ் பையன் ஏன் அந்த ரூல்னு கேட்டா?” நான் பேசாமல் நின்றேன். வகை நுண்கணிதம் போட்டவளுக்கு இதற்குப் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். மைனஸ் 3-ஐ 2-ஆல் பெருக்கினால் மைனஸ் 6. 1-ஆல் பெருக்கினால் மைனஸ் 3. பூஜ்யத்தால் பெருக்கினால் 0. ஒவ்வொரு படிக்கும் 3 கூடிக்கொண்டே வருகிறது. அப்போது மைனஸ் 1-ஆல் பெருக்கினால் அடுத்து வரவேண்டியது 3. ஒரு வரிசையாக எழுதினால் பையன் தானே சொல்லிவிடுவான். அன்றைக்கு ராத்திரி பத்தாம் வகுப்பு வரை உள்ள கணக்குப் புத்தகங்களை எடுத்து, எனக்கு விதியாக மட்டும் தெரிந்து காரணம் தெரியாதவற்றைப் பட்டியல் போட்டேன். பூஜ்யத்தால் ஏன் வகுக்கக் கூடாது, பின்னத்தை வகுக்கும்போது ஏன் தலைகீழாக்குகிறோம் என்று இரண்டு பக்கம் வந்தது. என் படிப்பு முழுவதிலும் எனக்குக் கிடைத்த உபயோகமான பட்டியல் அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். சுற்றி வளைத்தால் எதிரே இருப்பவருக்கு உடனே புரிந்துவிடும். அவரும் வகுப்பில் நின்றவர்தானே.

“ஒரு பையன் சொன்ன பேச்சே கேட்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?” இதற்குச் சரியான பதில் என்ன?

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். 2009-ல் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மனரீதியாக என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்லார் முன்னாலும் கேவலப்படுத்துவதும் அதில் வரும்.

ஆனால் இந்தக் கேள்வி நம்மிடமிருந்து வெளியே இழுப்பது வேறு ஒன்று. டெமோ முடிந்து பேசும்போது பலர் இந்த இடத்தில் “அன்பா சொல்வேன், கவுன்சிலிங் பண்ணுவேன்” என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பேசவிட்டால், “இருந்தாலும் நாங்கெல்லாம் அடி வாங்கித்தானே மேடம் உருப்பட்டோம்” என்று ஒரு வாக்கியம் வந்து விழும். சொன்ன பிறகு அவர்களே ஒரு நொடி நிறுத்துவார்கள். அந்த வாக்கியம் தனக்குள் இருப்பதே அப்போதுதான் அவர்களுக்குத் தெரியும்.

அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குள்ளும் இருந்தது. என் எட்டாம் வகுப்பு ஆசிரியர் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து முட்டியில் அடிப்பார். அவரைப் பற்றி எப்போதும் பெருமையாகவே பேசிக்கொண்டிருந்தேன். நேர்காணலில் இந்தக் கேள்வி வந்தபோதுதான், அந்த வருடம் முழுக்க நான் ஒரு சந்தேகம்கூட அவரிடம் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. வகுப்பில் கோபம் வந்தால் நம் வாயில் வருவது பி.எட். புத்தகத்தில் படித்தது இல்லை. நம்மைத் திட்டியவர்களின் வார்த்தைதான் வரும். அது எந்த வார்த்தை என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சரி, பதில் என்ன சொல்வது? நீங்கள் உண்மையில் செய்யக்கூடியதைச் சொல்லுங்கள். இடம் மாற்றி உட்கார வைப்பேன், வகுப்பு முடிந்து தனியாகப் பேசுவேன், காலையில் சாப்பிட்டானா என்று கேட்பேன், முடியாவிட்டால் வகுப்பாசிரியரிடம் போவேன். ‘முடியாவிட்டால்’ என்று சொல்கிறவரை நான் நம்புவேன்.

“ஏன் ஆசிரியர் வேலைக்கு வந்தீர்கள்?” என்று கேட்டால் உண்மையைச் சொல்லலாமா? எனக்கு வேறு வேலை கிடைக்கவில்லை.

சொல்லலாம். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். வந்த காரணம் ஒன்றாக இருக்கலாம், இருக்கிற காரணம் இன்னொன்றாக இருக்கலாம். வீட்டில் சொன்னார்கள், பக்கத்திலேயே கல்லூரி இருந்தது, பெண்ணுக்குப் பாதுகாப்பான வேலை என்றார்கள் என்றுதான் பாதிப் பேர் பி.எட். சேர்கிறோம். ‘சின்ன வயதிலிருந்தே கனவு’ என்று மனப்பாடம் பண்ணிச் சொன்னால் குரலே காட்டிக்கொடுக்கும். பயிற்சிக்குப் போன பள்ளியில் ஏதாவது ஒரு நாள், ஏதாவது ஒரு பிள்ளை உங்களைத் திரும்பிப் பார்க்க வைத்திருக்குமே, அதைச் சொல்லுங்கள். அப்படி ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை என்றால், வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். இதைக் கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பிடிக்காமல் முப்பது வருடம் இந்த வேலையில் இருந்தவர்களை ஆசிரியர் அறையில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் நல்லதில்லை, பிள்ளைகளுக்கும் நல்லதில்லை.

அனுபவம் இல்லை என்றே எல்லா இடத்திலும் சொல்கிறார்கள்.

நான் படித்தபோது பி.எட். ஒரு வருடம். 2015-லிருந்து இரண்டு வருடம். உங்களுக்குப் பள்ளிப் பயிற்சியே மொத்தம் 20 வாரம், இரண்டாம் வருடத்தில் மட்டும் 16 வாரம். இது அனுபவம் இல்லாமல் வேறென்ன? அந்தப் பதினாறு வாரத்தில் ரெக்கார்டு நோட்டு முடிப்பதிலேயே கவனம் இருந்திருந்தால்தான் பேச ஒன்றும் இருக்காது. நேர்காணலில் “பயிற்சியில் எந்தப் பாடம் சரியாக வரவில்லை?” என்று கேட்டுப் பார்க்கிறேன். “எல்லாமே நல்லா போச்சு மேடம்” என்பவரைவிட, “ஒளிச்சேர்க்கை ரெண்டு தடவை எடுத்தும் புரியல, மூணாவது தடவை தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்” என்பவரிடம் இருப்பதுதான் அனுபவம்.

ஆங்கிலத்தில் கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

தமிழ் வழியில் படித்து வந்த எனக்கும் அப்படித்தான் இருந்தது. மெதுவாகச் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். வகுப்பறைக்குத் தேவையான ஆங்கிலம் குறைவுதான், ஆறு மாதத்தில் பழகிவிடும். இதற்காக உங்களைக் குறைவாக எண்ண வேண்டாம். பாதி வகுப்பு உங்களைப் போன்ற வீட்டிலிருந்துதான் வருகிறது; எந்த வார்த்தையில் அவர்கள் தடுக்கி விழுவார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) முடிக்காமல் போகலாமா?

1 முதல் 8 வரை நடத்த ஆசிரியர் தகுதித் தேர்வு வேண்டும் என்பது 2010-லிருந்து விதி. முதல் தாள் 1 முதல் 5-க்கு, இரண்டாம் தாள் 6 முதல் 8-க்கு. 150-க்கு 90 எடுக்க வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தமிழ்நாட்டில் தளர்வு உண்டு. ஒருமுறை தேறினால் வாழ்நாள் முழுக்கச் செல்லும். பல பள்ளிகள் இல்லாமலும் எடுக்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கும் அது தேவை என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் சொன்ன பிறகு, தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றால் என்ன சொல்ல?

ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டு போங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். “நீங்க பாத்துக் குடுங்க சார்” என்று சொன்னவள் நான். எனக்கென்று ஒரு விலை சொல்வது தப்பு என்று எனக்கு யாரோ சொல்லித் தந்திருக்கிறார்கள் என்பது அப்போது தெரிந்தது. அங்கே போட்ட சம்பளத்தில் பஸ் காசு போக மிஞ்சியது மிகக் குறைவு.

அதே இடத்தில் ஒரிஜினல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வருடத்தின் நடுவில் போகக் கூடாதாம். திரும்ப வாங்க அப்பாவைக் கூட்டிக்கொண்டு மூன்று முறை போனேன். உங்களிடம் அப்படிக் கேட்டால், ஒரிஜினலைக் காட்டுகிறேன், ஜெராக்ஸ் தருகிறேன் என்று சொல்லுங்கள். அவர்கள் முகம் மாறலாம். முகம் மாறினாலும் நம்மால் ‘முடியாது’ என்று சொல்ல முடிகிறதா என்பது வெறும் சம்பள விஷயம் இல்லை. நாளைக்கு, தேறாத பிள்ளைக்கு மதிப்பெண் கூட்டிப் போடச் சொல்லும்போதும் இதே வாய்தான் பேச வேண்டும்.

“கல்யாணம் எப்போது?” என்று கேட்கிறார்கள். என்ன செய்வது?

கேட்கக் கூடாத கேள்வி. பெண்களிடம் மட்டும்தான் கேட்கிறார்கள். “இந்தக் கல்வி ஆண்டு முழுக்க இருப்பேன் சார்” என்று வேலை சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்லி முடித்துவிடலாம். நாங்கள் உட்காரும் இடத்தில் இந்தக் கேள்வி வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஐந்து இடத்தில் ஆகவில்லை. எனக்கு இந்த வேலை வராதோ?

ஐந்து இடத்திலும் ஒரே காரணமா என்று பாருங்கள். எனக்கு ஆறு இடத்தில் ஆகவில்லை. அதில் இரண்டு இடத்தில் ஏற்கெனவே ஆளை முடிவு செய்துவிட்டுச் சும்மா கூப்பிட்டிருந்தார்கள். அதற்காக நான் அழுதது வீண். ஒரு இடத்தில் ராணுவம் மாதிரி வகுப்பு வேண்டும் என்றார்கள், எனக்கு அது வராது. எடுக்காதது இருவருக்கும் நல்லது. மிச்சம் மூன்றிலும் தவறு என்னுடையது, அதுவும் ஒரே தவறு: அவசரம். இதைப் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு நோட்டு உதவியது. நேர்காணல் முடிந்து வீட்டுக்கு வருவதற்குள், பஸ்ஸிலேயே, என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், உடம்பில் எங்கே நடுங்கியது என்று எழுதிவிடுவேன். வீட்டுக்கு வந்துவிட்டால் ‘என்னாச்சு?’ என்று ஆளாளுக்குக் கேட்பார்கள், நாமும் ஒரு கதையைக் கட்டிச் சொல்லிவிடுவோம். அப்புறம் அந்தக் கதைதான் ஞாபகம் இருக்கும்.

இப்போது அந்தப் பக்கம் உட்காருகிறீர்கள். நீங்கள் எதைப் பார்த்து எடுக்கிறீர்கள்?

இதற்குப் பொதுவாகப் பதில் சொல்லத் தெரியவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். போன வருடத்துக்கு முந்தின வருடம் அறிவியலுக்கு ஒரு தம்பி வந்தார். ஏழாம் வகுப்பு, இலைகள் உணவு தயாரிப்பது. பச்சையம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து, “சார், நம்ம கேட்டுக்கிட்ட இருக்கற குரோட்டன்ஸ் இலை சிவப்பா இருக்கே, அதுக்கு யாரு சாப்பாடு செய்வா?” என்றான். வகுப்பு சிரித்தது.

தம்பி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். “எனக்குத் தெரியலப்பா. நல்ல கேள்வி. பாத்துட்டுச் சொல்றேன்” என்று சொல்லி, பலகையின் ஓரத்தில் ‘சிவப்பு இலை?’ என்று எழுதினார். அப்புறம் பாடத்தைத் தொடர்ந்தார். சில நிமிடம் இழந்ததால் பாடம் முழுசாக முடியவில்லை. போகும்போது அந்தப் பையன் பெயரையும் பிரிவையும் கேட்டுக்கொண்டார். அவருக்கு வேலை கிடைக்குமா என்று அப்போது யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு அவரிடமிருந்து போன் வந்தது. முடிவு கேட்கத்தான் என்று நினைத்து, இன்னும் முடிவாகவில்லை என்று சொன்னார்களாம். “அதுக்கில்லைங்க, 7 பி-ல ஒரு பையனுக்கு ஒரு விஷயம் சொல்லணும்” என்றிருக்கிறார். சிவப்பு இலையிலும் பச்சையம் இருக்கிறது, வேறு நிறமி அதை மறைத்துக்கொண்டிருக்கிறது, அதுவும் தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்ளும். அலுவலகத்தில் இருந்த அக்கா துண்டுச் சீட்டில் அப்படியே எழுதி என்னிடம் தந்தார். மூன்றாவது பீரியடில் 7 பி-க்குப் போய் நான் அதை வாசித்தேன். மதிய இடைவேளையில் அந்தப் பையன் கேட் பக்கம் நின்று ஒரு குரோட்டன்ஸ் இலையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.